விமான நிலையம் பக்கத்தில் வீடு கட்ட என்ஓசி: புரோக்கரிடம் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: சேலம் விமான நிலையத்திலிருந்து 3 கிலோமீட்டரில் 5 சென்ட் மனை இருக்கிறது. ஒரு மாடி வைத்து வீடு கட்டப் போகிறேன். ‘ஏர்போர்ட் என்ஓசி’ (கட்டட உயரத்துக்கான தடையில்லாச் சான்று) வாங்கித்தர புரோக்கர் 40,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். இந்திய விமான நிலையங்கள் ஆணையத்தின் இணையதளத்தில் மனைக்காரரே விண்ணப்பிக்கலாம். சர்வேயரை வைத்து மனையின் அட்சரேகை, தீர்க்கரேகை, தரைமட்டம் மூன்றையும் அளந்து சான்று வாங்குங்கள். அதற்குச் செலவு உண்டு. புரோக்கர்கள் கைபேசியில் பார்த்த எண்ணைப் போட்டுவிடுகிறார்கள். இடம் தவறினால் அந்த என்ஓசி உங்கள் மனைக்கே உதவாது.

மத்திய அரசின் 2015 விதிகளின்படி விமான நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை உயரக் கட்டுப்பாடு உண்டு. அதற்காகப் பயப்பட வேண்டாம். ஓடுபாதைக்கு நேராக இல்லாத மனையில் மாடி வீட்டுக்கு உயரம் தடையாவது அரிது. விமானம் இறங்கும் பாதைக்கு நேர் கீழே என்றால் கதை வேறு. அங்கே பொதுவாக ஓடுபாதையிலிருந்து ஒவ்வொரு 50 மீட்டர் தள்ளிப் போனால்தான் 1 மீட்டர் உயரம் கூடுதலாகக் கிடைக்கும். தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு அறை, இடிதாங்கி எல்லாமே உயரக் கணக்கில் சேரும்.

பலர் ஏமாறுவது என்ஓசியில் அனுமதி உயரம் என்று உள்ள எண்ணைப் பார்த்துத்தான். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. உதாரணத்துக்கு 335 மீட்டர் என்று இருந்து, உங்கள் தரை 315 மீட்டரில் இருந்தால், கட்டக் கிடைப்பது 20 மீட்டர்தான். சேலம் விமான நிலையமே சுமார் 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு மலையடிவாரம் நோக்கிப் போகப் போகத் தரையும் உயரும், கட்டக் கிடைக்கும் உயரம் குறையும். இதைத் தமிழில் ஒரு வரி எழுதிக் கொடுக்க இத்தனை ஆண்டாக யாருக்கும் தோன்றவில்லை! அதனால்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

அப்புறம், ‘ஏர்போர்ட் அப்ரூவ்டு மனை’ என்று விற்பவரை நம்பாதீர்கள். என்ஓசி கட்டட உயரத்துக்கு மட்டும்தான். நிலம் கையகப்படுத்தலில் வருமா என்பதை அது சொல்லாது. 2018-ல் விரிவாக்கத்துக்காக காமலாபுரம், பொட்டியபுரம், சிக்கனம்பட்டி, தும்பிப்பாடி பக்கம் சுமார் 570 ஏக்கர் எடுக்கும் பேச்சு வந்தபோது விவசாயிகள் எதிர்த்தது நினைவிருக்கும். அஸ்திவாரம் தோண்டும் முன்னே உங்கள் சர்வே எண் கையகப்படுத்தும் நிலங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுதிக் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.