பௌத்த நாடான இலங்கையில் கிறிஸ்தவ ஊழியம் செய்ய அனுமதி உண்டா?

மதுரையிலிருந்து ஊழியத்துக்கு இலங்கை போகலாமா, அங்கே சட்டம் இடம் தருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. எந்த மதத்தையும் நம்பும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு. வழிபாடு, போதனை ஆகிய உரிமைகளைச் சொல்லும் 14ஆம் உறுப்புரையோ குடிமக்களுக்கு மட்டும்தான். நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவில் இருக்கும் மதத்தைப் ‘பரப்பும்’ உரிமை அங்கே எழுதப்படவே இல்லை. 2003இல் இலங்கை உச்ச நீதிமன்றமும் இதைச் சுட்டிக்காட்டியது. அதனால் சுற்றுலா விசாவில் போய் ஊழியம் செய்யாதீர்கள். உள்ளூர்த் திருச்சபை அழைத்து, அதற்கான விசாவோடு போவதே சரி.

சட்டத்தைவிட வரலாறு முக்கியம் என்பேன். டச்சு ஆட்சியில் அரசு வேலைக்கே ஞானஸ்நானம் தேவைப்பட்டது. அந்தக் கசப்பு இன்னும் ஆறவில்லை. அதே டச்சுக்காரர்கள் கத்தோலிக்கரை ஒடுக்கியபோது அடைக்கலம் கொடுத்தவர்கள் கண்டியின் பௌத்த மன்னர்கள்! கோவாவிலிருந்து போன ஜோசப் வாஸ் அடிகளாரை முதலில் உளவாளி என்று சிறைவைத்தார்கள். பிறகு மன்னரே அவரை நம்பினார். பெரியம்மை பரவியபோது சாதி, மதம் பாராமல் நோயாளிகளைக் கவனித்தவர் அவர்.

நம் ஊருக்கும் இதில் தொடர்பு உண்டு. 1834இல் அமெரிக்க மிஷன் மதுரைக்கு வந்தது யாழ்ப்பாணத்திலிருந்துதான். அப்புறம் ஒன்று: உதவி செய்தால், மதம் மாறும்படி கேட்காமல் செய்யுங்கள். உதவியைக் காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்பதுதான் அங்கே அடிக்கடி எழும் புகார்.