67பி வால்மீனைச் சந்திக்கும் கணக்கில் எரிபொருள் போதவில்லை

67பி வால்மீனை ஒரு விண்கலம் சந்திக்கும் பாதையை நிரலில் கணக்கிட்டபோது எரிபொருள் போதவில்லை என்கிறீர்கள். சந்திப்பைச் சூரிய அண்மைப் புள்ளியில், அதாவது வால்மீன் சூரியனை மிக நெருங்கும் இடத்தில், வைத்திருப்பதுதான் உங்கள் எரிபொருளைத் தின்கிறது. அதைச் சூரியனிலிருந்து மூன்றரை வானியல் அலகுக்கு (ஓர் அலகு என்பது புவிக்கும் சூரியனுக்கும் இடையிலான சராசரித் தொலைவு) அப்பால் தள்ளிவையுங்கள்.

ஐரோப்பிய விண்கலமான ரொசெட்டா அந்த வால்மீனை அடைந்த காலத்தில், அதன் பாதை புவியின் சுற்றுத்தளத்துக்கு ஏறத்தாழ 7 பாகை சாய்ந்திருந்தது. அண்மைப் புள்ளியில் அது நொடிக்கு 34 கி.மீ. வேகத்தில் விரைவதால், அங்கே விண்கலத்தின் பாதையை அந்த 7 பாகை திருப்புவதற்கு மட்டுமே நொடிக்கு 4 கி.மீ.க்கு மேல் வேகமாற்றம் தேவைப்படும். சூரியனிலிருந்து மிக விலகியிருக்கும் சேய்மைப் புள்ளியில் வேகம் ஏழரை கி.மீ.யாகக் குறைந்திருப்பதால், அதே திருப்பத்துக்கு ஒரு கி.மீ.கூட ஆகாது. ரொசெட்டா 2004 மார்ச்சில் கிளம்பி, புவியை மூன்று முறையும் செவ்வாயை ஒரு முறையும் நெருங்கிக் கடந்து, 2014 ஆகஸ்ட் 6 அன்றுதான் வால்மீனை அடைந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் வால்மீனைப் பொறுத்து நொடிக்கு 775 மீட்டராக இருந்த ஒப்பு வேகத்தை, அடுத்தடுத்த பத்து எரிப்புகளால் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப் பொறுமையை நான் இன்றும் வியக்கிறேன்.

சாய்வைச் சுழியமாக்கி நிரலை மீண்டும் ஓட்டிப் பாருங்கள். எரிபொருள் தேவை சட்டென்று குறைந்தால் காரணம் இதுவே. குறையாவிட்டால், கோள்களை நெருங்கிக் கடந்து பெறும் ஈர்ப்பு உதவியைச் சேர்க்காததையே ஐயுற வேண்டும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வால்மீனிலிருந்து பீறிடும் வளி அதன் பாதையைச் சிறிது சிறிதாகத் தள்ளுவதால், பழைய பாதைத் தரவுகளை வைத்து இறுதிக் கட்ட அணுகலைத் திட்டமிடக் கூடாது.