சீனச் சாப்பாட்டுக்கு 500 சொற்கள் தேவையா?

கேள்வி: மதுரையில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். அக்டோபரில் சீனாவின் குவாங்சோ நகர வணிகச் சந்தைக்குப் போகிறேன். முட்டைகூடத் தொடாத சைவம். ஒரு பயிற்சி நிலையம் 30 நாட்களில் 500 சீன உணவுச் சொற்கள் கற்றுத்தர 12,000 ரூபாய் கேட்கிறது. சேரலாமா?

பதில்: வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பங்குக்குப் பருப்புப்பொடியும் ஊறுகாயும் வாங்கிப் பெட்டியில் வையுங்கள்.

முப்பது நாளில் 500 சொற்களை ஒப்பிக்கலாம். ஆனால் குரலின் ஏற்ற இறக்கம் பிசகினால் எதிரில் இருப்பவருக்குப் புரியாது. சூப்பும் 'தாங்', சர்க்கரையும் 'தாங்'. போதாக்குறைக்கு, இத்தகைய வகுப்புகள் பலவற்றில் சீன மொழித் திறனைச் சோதிக்கும் ஹெச்.எஸ்.கே. தேர்வின் சொற்பட்டியலைத்தான் பெயர் மாற்றி விற்கிறார்கள். 2010இல் வந்த அதன் முதல்நிலைப் பட்டியலின் 150 சொற்களில் ஆப்பிள் உண்டு, நாய் உண்டு, பூனையும் உண்டு. இறைச்சியும் இல்லை, சைவமும் இல்லை. பசியோடு மேசையில் உட்கார்ந்தவனை நினைத்து யாரும் பாடத்திட்டம் போடுவதில்லை.

அங்கே பல உணவகங்களில் இப்போது வாய் திறந்தே கேட்க வேண்டியதில்லை. மேசையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். கட்டத்தைப் போனில் படம்பிடித்தால் பட்டியல் திறக்கும், முழுக்கச் சீன எழுத்தில். ஆகவே பழக்க வேண்டியது கண்ணை.

முதலில் 'ரௌ', அதாவது இறைச்சி. அடிப்பக்கம் திறந்த ஒரு பெட்டி. உள்ளே கூடார வடிவில் இரண்டு கோடுகள், ஒன்றின்கீழ் ஒன்று. மேல் கூடாரத்தின் நுனி பெட்டியின் கூரையைத் தாண்டி வெளியே நீட்டும். இதோடு கோழி, மீன், இறால், முட்டை ஆகிய எழுத்துகளையும் தாளில் பத்துப் பத்து முறை எழுதிப் பாருங்கள். ஒரு வாரம் போதும்.

ஒரு சிக்கல் உண்டு. சோயா பன்னீரான 'தோஃபு'வின் பெயரில் இரண்டாவது எழுத்துக்கு அடியிலும் அதே பெட்டி இருக்கிறது. இதைப் பார்த்து மிரண்டு, சைவர்களுக்கு ஏற்ற தோஃபுவையே ஒதுக்கிவிட்டு வெறும் சோறு சாப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். பெட்டி தனி எழுத்தாக நின்றால் இறைச்சி. வேறோர் எழுத்துக்கு அடியில் ஒடுங்கிக் கிடந்தால் பயம் வேண்டாம். அதற்காகத் தோஃபு என்றாலே சைவம் என்றும் நம்பிவிடாதீர்கள். 'மாப்போ தோஃபு'வின் பெயரில் தனிப் பெட்டி கிடையாது, தட்டில் கொத்துக்கறி இருக்கும். 'யூ சியாங்' கத்தரிக்காயின் பெயரில் மீன் இருக்கிறது, சட்டியில் மீன் இல்லை. ஆனால் பன்றிக் கொத்துக்கறி பெரும்பாலும் இருக்கும். பெயரைப் படித்த பிறகும் கேட்டே ஆக வேண்டும்.

எப்படிக் கேட்பது? 'ரௌ வேண்டாம்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அடைமொழி இல்லாத 'ரௌ' அவர்களுக்குப் பெரும்பாலும் பன்றிதான். துண்டுகளை எடுத்துவிட்டுக் கோழி போட்டுத் தந்தாலும் தருவார்கள். 'வோ ச்சர் ஸூ', நான் சைவம் சாப்பிடுபவன், என்று சொல்லுங்கள். கூடவே ஓர் அட்டையை நீட்டுங்கள். பன்றிக் கொழுப்பு, சிப்பிச் சாறு, கோழிச்சாறுப் பொடி, எலும்புச் சாறு, முட்டை எதுவும் வேண்டாம் என்று சீனம் தெரிந்த ஒருவரிடம் ஊரிலேயே எழுதி வாங்குங்கள். குவாங்சோவில் வெறும் கீரைகூடச் சிப்பிச் சாற்றில் மினுங்கிக்கொண்டு வரும். அங்கே போய் கூகுளில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். சாதாரண இணைப்பில் அது திறக்காது.

மெல்லிய உருளைக்கிழங்கு இழைகளைக் காடியும் மிளகாயும் போட்டு வதக்கிய 'சுவான் லா து தோ ஸர்' அநேகமாக எல்லா இடத்திலும் கிடைக்கும். நகரிலுள்ள தாஃபோ என்ற பௌத்தக் கோயிலின் சைவ உணவகத்தில் நிம்மதியாகச் சாப்பிடலாம். பூண்டு, வெங்காயம் தேடாதீர்கள்.

கடைசியாக, புரோக்கர்கள். 1957 முதல் நடக்கும் சந்தை அது. வெளிநாட்டு வியாபாரியைப் பார்த்ததும் எடைபோடத் தெரிந்தவர்கள் வாசலில் இருப்பார்கள். மொழிபெயர்க்க வந்தவர் "சாப்பாட்டை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். தனக்குக் கமிஷன் தரும் உணவகத்துக்குக் கூட்டிப்போவார். சுழலும் மேசை நிறைய வாத்தும் மீனும் வரும். உங்களுக்கு வெள்ளைச் சோறு, பில்லும் உங்களுக்குத்தான். தினக்கூலி மட்டும்தான் தருவேன், சாப்பாட்டுச் செலவு என்னுடையதல்ல என்று முதல் நாளே பேசிவிடுங்கள். சீனர்கள் போனில் பணம் கட்டும் அலிபே செயலியில் உங்கள் வங்கி அட்டையை ஊரிலிருந்து கிளம்பும் முன்பே இணைத்துவிட்டால், பணம் கட்டவும் அவர் கையை எதிர்பார்க்க வேண்டியிருக்காது.