பிஎச்.டி.யை மறைத்தால் வேலை கிடைக்குமா?

கேள்வி: நான் வேதியியலில் பிஎச்.டி. முடித்தவள். வயது 33. தனியார் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளராக இருந்தேன். இந்த வருஷம் நீட்டிக்கவில்லை. அம்பத்தூரிலும் ஆலத்தூரிலும் க்யூசி (தரக் கட்டுப்பாடு) கெமிஸ்ட் வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறேன். எங்கே போனாலும் "ஓவர் குவாலிஃபைடு மேடம்" என்று சிரித்தபடி அனுப்பிவிடுகிறார்கள். "பிஎச்.டி.யை எடுத்துட்டு எம்.எஸ்ஸி. மட்டும் போடு" என்கிறான் தம்பி. செய்யலாமா?
- பெயர் வேண்டாம், கொரட்டூர்

பதில்: தம்பி சொல்வதில் பாதி சரி. ரெஸ்யூமேயில் எதை முன்னால் வைப்பது, எதை ஒரே வரியில் முடிப்பது என்பது உங்கள் இஷ்டம். ஆனால் வேலையில் சேரும்போது ஒரு படிவம் நீட்டுவார்கள். கல்வித் தகுதியெல்லாம் எழுதச் சொல்லி, "மேற்கண்டவை உண்மை" என்று கையெழுத்தும் கேட்பார்கள். அங்கே மறைத்தால் அது பொய்தான்.

ஒடிசாவில் ஒருவர், பட்டதாரி என்பதைச் சொல்லாமல் பொதுத்துறை வங்கி ஒன்றில் பியூன் வேலைக்கு விண்ணப்பித்துத் தேர்வானார். பட்டதாரிகள் விண்ணப்பிக்கக் கூடாது என்று விளம்பரத்திலேயே இருந்தது. விஷயம் தெரிந்ததும் வங்கி அவரை ஏற்கவில்லை. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றும், 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் வங்கி செய்தது சரி என்றது. உங்களுக்கு அப்படி ஒரு தடை இல்லை என்பது வேறு விஷயம். இருந்தாலும் அந்தத் தீர்ப்பில் அதிகம் அடிபட்டது, மறைத்ததுதான். சட்டத்தை விடுங்கள், பிஎச்.டி.யை எடுத்துவிட்டால் அந்த வருஷங்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்களே, என்ன சொல்வீர்கள்?

"ஓவர் குவாலிஃபைடு" என்று சொல்பவர் மனசில் பெரும்பாலும் மூன்று கணக்கு ஓடும். டிஆர்பி (ஆசிரியர் தேர்வு வாரியம்) அறிவிப்பு வந்ததும் கிளம்பிவிடுவாரா? கொரட்டூரிலிருந்து அவ்வளவு தூரம் ஆலத்தூருக்கு எத்தனை நாள் வருவார்? பி.எஸ்ஸி. படித்து லேபிலேயே வளர்ந்த சூப்பர்வைசர் சொன்னால் கேட்பாரா? (கல்யாணம், குழந்தை பற்றி நேராகக் கேட்கக் கூச்சப்பட்டு இந்த வார்த்தைக்குள் ஒளிந்துகொள்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு என்னிடம் மருந்து இல்லை.)

அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். "சார், கல்லூரி வேலை நிரந்தரமில்லைன்னு பார்த்துட்டேன். இனி இண்டஸ்ட்ரிதான். இந்த வேலைக்கு என்ன சம்பளம்னு தெரிஞ்சுதான் வந்திருக்கேன். சாம்பிள் போடுறதுல இருந்து கத்துக்கத் தயார்." இது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். டிஆர்பிக்கும் படித்துக்கொண்டிருந்தால் அவர்கள் பயம் நியாயம்தான். அப்போது ஒப்பந்த வேலையாகத் தேடுவது இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

அப்புறம் நீங்கள் அனுப்பிய ரெஸ்யூமே. பெயருக்கு முன்னால் "டாக்டர்". ஆய்வேட்டின் தலைப்பே நான்கு வரி. கட்டுரைப் பட்டியல் இரண்டாம் பக்கத்தை விழுங்கிவிட்டது. எச்பிஎல்சி (ஒரு கலவையில் எது எவ்வளவு இருக்கிறது என்று பிரித்துக் காட்டும்) கருவியில் நீங்களே வேலை செய்தது மூன்றாம் பக்கத்தின் அடியில் கிடக்கிறது. க்யூசி மேனேஜர் தேடுவது அந்த ஒரு வரியைத்தான்! அதை மேலே கொண்டுவாருங்கள்: எந்தக் கருவி, எந்த மாதிரி சாம்பிள், காலிப்ரேஷன் (கருவி சரியாக அளக்கிறதா என்று பார்ப்பது) நீங்களே செய்வீர்களா, ரிப்போர்ட் எழுதியிருக்கிறீர்களா. பிஎச்.டி. கல்வித் தகுதியில் ஒரு வரியாக இருக்கட்டும். கட்டுரைகளை "கேட்டால் தரப்படும்" என்று விட்டுவிடலாம்.

ஒரே படிக்கட்டில் ஏன் நிற்கிறீர்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. பி.எஸ்ஸி. போதும் என்று விளம்பரம் செய்யும் வேலைக்கே போய் முட்டுகிறீர்கள். என்ஏபிஎல் (பரிசோதனைக் கூடங்களின் தரத்தைப் பார்த்து அங்கீகரிக்கும் அமைப்பு) அங்கீகாரம் பெற்ற பரிசோதனைக் கூடங்கள், மருந்துக் கம்பெனிகளின் ஆர் அண்ட் டி, புதிய சோதனை முறைகளைச் சரிபார்க்கும் மெத்தட் வேலிடேஷன் பிரிவு, இங்கெல்லாம் உங்கள் படிப்பை யாரும் பாரமாக நினைக்க மாட்டார்கள். கருவி விற்கும் கம்பெனிகளில் அப்ளிகேஷன் கெமிஸ்ட் வேலையையும் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கருவியைச் சொல்லிக்கொடுக்கிற வேலை அது. பாடம் நடத்திய பழக்கம் அங்கே கைகொடுக்கும்.

வேலை கிடைத்து, "பாதியில் போய்விடக் கூடாது" என்று ஒரிஜினல் சான்றிதழைக் கேட்டால் மட்டும் கொடுக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு, நகலைக் கொடுத்துவிட்டு, ஒரிஜினலைக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.