திவால் வழக்குகளிலிருந்து பூர்வகுடி உரிமைச் சட்டத்துக்கு

வணக்கம். வான்கூவரில் நான்கு ஆண்டுகள் திவால் வழக்குகளைப் பார்த்துவிட்டு, பூர்வகுடி உரிமைச் சட்டத்துக்கு மாறினால் அத்தனை உழைப்பும் வீணாகிவிடுமோ என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது. நானும் அதே வழியில் வந்தவன்தான்.

கனடாவின் இந்தியர் சட்டத்தில் (இங்கே ‘இந்தியர்’ என்பது கனடாவின் பூர்வகுடியினரைக் குறிக்கும்) 89ஆம் பிரிவை இன்றே எடுத்துப் படியுங்கள். பூர்வகுடியினருக்கென ஒதுக்கப்பட்ட நிலத்தில் உள்ள அவர்களின் சொத்தை வெளியார் அடமானம் பிடிக்கவோ ஜப்தி செய்யவோ முடியாது. பாதுகாப்பாக வந்த அந்த விதியே வங்கிக் கடனுக்கு முட்டுக்கட்டையாகவும் நிற்கிறது. ஒரு பூர்வகுடிச் சமூகத்தின் மீன் பதப்படுத்தும் ஆலைக்குக் கடன் ஒப்பந்தம் எழுத உட்கார்ந்தபோது, வங்கியின் வக்கீல் எந்த இடத்தில் பிடிவாதம் பிடிப்பார் என்பது எனக்கு முன்பே தெரிந்திருந்தது. திவால் வழக்குகள் கற்றுத் தந்தது அதைத்தான்.

2019 ரெட்வாட்டர் தீர்ப்பையும் விடாதீர்கள். திவாலான எண்ணெய் நிறுவனத்தின் சொத்து, கடன் கொடுத்தவர்களுக்குப் போகும் முன் கைவிட்ட கிணறுகளை மூடிச் சுத்தம் செய்யப் பயன்பட வேண்டும் என்றது கனடா உச்ச நீதிமன்றம். அந்த நிலத்தை நம்பி வாழ்பவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

வேலையை உடனே விட வேண்டாம். இப்போதிருக்கும் அலுவலகத்திலேயே பூர்வகுடிச் சமூகம் தொடர்பான ஒரு வழக்கைக் கேட்டு வாங்குங்கள். சமூகக் கூட்டத்துக்குப் போனால், முதியவர்கள் பேசி முடிக்கும்வரை கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.