அண்ணனை ஏன் ஒளிச்சு வைக்கணும்?

கேள்வி: அக்கா, எங்க அண்ணனுக்கு பல வருஷமா ஸ்கிசோஃப்ரினியா, இல்லாத குரல் காதுல கேக்கற மாதிரி மனநோய். மாத்திரை போட்டா நல்லாதான் இருக்கான், ஆனா எனக்கு வரன் பாக்கறாங்கல்ல, யாராச்சும் வந்தா அம்மா அவனை பின்ரூம்ல விட்டு வெளிய தாழ்ப்பாள் போட்டுடறாங்க. இப்பல்லாம் பெல் அடிச்சா அவனே எழுந்து உள்ள போயிடறான். என்ன செய்ய?
- பேர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: யாரும் சொல்லாமலே எழுந்து போறார்னா, நான் குடும்பத்துக்கு அசிங்கம்னு அவரே நம்ப ஆரம்பிச்சுட்டார்மா, காதுல கேக்கற குரலை மருந்து குறைக்கும் ஆனா இந்த நெனப்பை மருந்து குறைக்காது, நிறைய பேர் மாத்திரையை நிறுத்தறதுக்கே இந்த அவமானம் ஒரு காரணம். அம்மாவைத் திட்டாதீங்க, பொண்ணு கல்யாணம் நின்னுடுமோங்கற பயம் நம்ம ஊர்ல சும்மா வர்றதில்ல. ஆனா தாழ்ப்பாளை இன்னைக்கே கழட்டுங்க. 2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடில மனநோயாளிகளை வச்சிருந்த காப்பகத்துல தீ பிடிச்சப்ப சங்கிலில கட்டிப் போட்டிருந்தவங்க ஓட முடியாம 28 பேர் செத்தாங்க, 2017 மனநல சட்டப்படி சங்கிலி போடறதே தப்பு, பூட்டி வைக்கறதும் என்னைப் பொறுத்தவரை அதே கொடுமைதான்.

மாப்பிள்ளை வீட்ல நிச்சயத்துக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க, ஆனா அண்ணன்கிட்ட கேட்டுட்டு. அதைக் கேட்டு ஓடறவங்க ஓடட்டும். 14416, டெலி மானஸ், அரசாங்கத்தோட மனநல உதவி போன் நம்பர், இலவசம், தமிழ்லயே பேசலாம். அண்ணனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறப்ப அம்மாவையும் கூட்டிட்டுப் போய் பேச விடுங்க, இத்தனை வருஷத்துல அவங்க இதை யார்கிட்டயும் வாய்விட்டு சொல்லியிருக்கவே மாட்டாங்க.