1980களின் வீட்டுக் கணினிகளைக் கடைகளில் இன்னும் பயன்படுத்துகிறார்களா? ஏன் மாற்றாமல் இருக்கிறார்கள்?

பயன்படுத்துகிறார்கள். போலந்தின் கதான்ஸ்க் நகரில் ஒரு சின்ன வண்டிப் பட்டறையில் இருக்கும் கமடோர் 64சி கணினியின் படம் 2016இல் இணையத்தில் பரவியது. எஞ்சினின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டை (டிரைவ் ஷாஃப்ட்) பேலன்ஸ் பார்ப்பதுதான் அதன் வேலை. 25 வருடங்களுக்கு மேல் அந்த ஒரே வேலையைச் செய்திருந்தது. நடுவில் வெள்ளத்தில் மாட்டியும் பிழைத்தது. 64 கேபி நினைவகம், சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் வேகம், அவ்வளவுதான். ஆனால் சுழலும் தண்டில் எந்தப் பக்கம் கனம் கூடியிருக்கிறது என்று கணக்குப் போட அதுவே தாராளம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், பிரவுன்ஸ்பர்க் ஊரில் இருக்கும் ஹில்லிகாஸ் பேக்கரியிலும் கல்லாவில் கமடோர் 64தான். நெதர்லாந்தில் கூடாரம் போட்டுத் தங்கும் இடம் ஒன்றை நடத்துபவர், வருகிறவர்களின் கணக்கை 1980களில் வாங்கிய அடாரி எஸ்டி என்ற கணினியில் வைத்திருந்தார். அதற்கான ப்ரோக்ராமை அவரே எழுதினார்.

காரணம் இந்த மூன்றாவது ஆளிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். காசு மிச்சம், பழசின் மீது பாசம் என்று பலர் சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. அந்த ப்ரோக்ராம் அந்தக் கடையின் வேலைக்கென்றே தைத்த சட்டை. கமடோரில் ப்ரோக்ராம் எழுதும் பேசிக் மொழி, அணைத்தாலும் அழியாத ரோம் சிப்பிலேயே பதிந்திருக்கும், சுவிட்சைப் போட்ட சில நொடிகளில் தயார். அப்டேட் என்று நடுவில் நிற்காது. கை பழகிய ஆளுக்கு அதைவிட வேகமான கருவி கிடையாது.

கமடோரின் ஆபத்து அதன் பவர் சப்ளை. பழசானால் 5 வோல்ட் வரவேண்டிய இடத்தில் கூடுதலாக அனுப்பி உள்ளே நினைவகச் சிப்புகளைக் கொன்றுவிடும். யாராவது வைத்திருந்தால் மீட்டர் வைத்துப் பாருங்கள், அல்லது புதிய சப்ளை ஒன்று வாங்கிவிடுங்கள். ஃப்ளாப்பியில் இருப்பதையும் எஸ்டி கார்டுக்கு இப்போதே மாற்றி வையுங்கள்.

இனி என் அனுபவம். கடைகளின் பில்லிங் கம்ப்யூட்டர்களைச் சர்வீஸ் செய்வது என் தொழில். ஓர் இரும்புச் சாமான் கடையில் 1990களின் 486 கணினி, விண்டோஸுக்கு முந்தைய டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ ப்ரோக்ராம், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். கமடோர் அளவு பழசு இல்லை, ஆனால் கதை அதேதான். கணக்குப் பிள்ளை அண்ணன் கீபோர்டைப் பார்க்கவே மாட்டார். ஆணி, கீல், தாழ்ப்பாள் எல்லாம் அவருக்கு எண்கள். வாடிக்கையாளர் சொல்லி முடிப்பதற்குள் பில் ஓடும்.

ஒருநாள் அது எழவில்லை. போர்டில் இருந்த பேட்டரி கசிந்து பக்கத்துத் தடங்களை அரித்திருந்தது. வினிகரால் துடைத்து, அறுந்த இரண்டு தடங்களுக்கு ஒயர் வைத்துப் பற்றவைத்தேன். ஹார்ட் டிஸ்க் முனகிக்கொண்டிருந்ததால் அதையும் எடுத்துவிட்டு, அடாப்டர் போட்டு காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு மாட்டினேன். அப்புறம் பல வருடம் என்னை அவர்கள் கூப்பிடவே இல்லை.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது. மத்திய வரி, மாநில வரி தனித்தனியாகக் காட்ட வேண்டும், சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண் வேண்டும். ப்ரோக்ராமைத் திருத்தலாம் என்று உட்கார்ந்தால் டிஸ்க்கில் ஓட்ட மட்டுமே முடிகிற எக்ஸி ஃபைல் மட்டும் இருக்கிறது. எழுதியவர் எப்போதோ ஊரைவிட்டுப் போயிருந்தார், அவர் எழுதிய மூல நிரல் (சோர்ஸ் கோட்) யாரிடமும் இல்லை. அன்று எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. மிஷின் நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கிறது, அதைத் திருத்தத்தான் வழியில்லை. உங்கள் கடையில் இப்படி ஒன்று இருந்தால், எழுதியவரைத் தேடிப்பிடித்து மூல நிரலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புது சாஃப்ட்வேரில் அண்ணனுக்குக் கை பழக நான்கைந்து மாதம் ஆனது. மவுஸைத் தேடுவார். 486ஐ அவர்கள் தூக்கிப் போடவில்லை. பழைய பாக்கிக் கணக்கு கேட்டு யாராவது வந்தால் அதைத்தான் போடுவார்கள்.